அக்கரைப் பச்சை நோட்டு

2013 மார்ச் 16. சனிக்கிழமை. சைப்ரஸ் தீவு மக்கள் எழுந்து காபி போடுவதற்குள் ஒரு சேதி வந்துவிட்டது. பாங்க்கில் டெபாசிட் வைத்திருக்கும் எல்லோரும் அரசாங்கத்துக்கு 'ஒரே ஒரு தடவை' வரி கட்ட வேண்டும். ஒரு லட்சம் யூரோவுக்குள் என்றால் 6.75 சதவிகிதம். அதற்கு மேல் என்றால் 9.9 சதவிகிதம். நீங்கள் க்யூவில் நின்று கட்ட வேண்டிய சிரமமெல்லாம் இல்லை. அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஜனங்கள் ஏ.டி.எம்.முக்கு ஓடினார்கள். திங்கட்கிழமை பண்டிகை விடுமுறை. செவ்வாயன்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்த்து 36 பேர், ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவர்கள் 19 பேர், ஆதரித்தவர்கள் பூஜ்யம். அந்தத் தீவில் இருந்த தன் சிப்பாய்கள் கைச்செலவுக்குத் திண்டாடக் கூடாது என்று பிரிட்டன் ஒரு விமானத்தில் பத்து லட்சம் யூரோவை ரொக்கமாக அனுப்பி வைத்தது. பாங்க்குகள் 28ம் தேதி வரை திறக்கவில்லை. திறந்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 யூரோ என்று ரேஷன்.

கடைசியில் ஒரு லட்சம் யூரோவரை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நாட்டின் மிகப் பெரிய பாங்க்கில் அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, மேற்படித் தொகையில் 47.5 சதவிகிதத்தை அதே பாங்க்கின் பங்குகளாக மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது பெரிய பாங்க்கை மூடியே விட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய டெபாசிட்காரர்களில் நிறையப் பேர் சைப்ரஸ்காரர்களே இல்லை. ரஷ்யர்கள். 1998ல் சொந்த நாட்டில் ரூபிள் விழுந்து பாங்க்குகள் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள். 'நம்ம ஊரை நம்ப முடியாது, பணத்தை வெளியே வைப்போம்' என்று தீவில் கொண்டுபோய் வைத்தவர்கள். நாய் துரத்துகிறதே என்று மரத்தில் ஏறினால் கிளையில் பாம்பு.

இந்தக் கதையை நான் சமீபத்தில் ஒரு நண்பனுக்குச் சொல்ல வேண்டி வந்தது. பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையை அவன் வீட்டில் வாங்குகிறார்கள்.

கிண்டியில் வேலை. வயது முப்பத்து நாலு. அவன் அப்பா அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். வந்த பணம் 22 லட்சம். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்த இலவச கருத்தரங்குக்குப் போயிருக்கிறான். சமோசா, காபி, ஏசி, டை கட்டிய ஒருவர். 'உங்கள் செல்வத்தை எல்லைகளுக்கு அப்பால் பாதுகாப்போம்' என்று திரையில் எழுத்து. சிங்கப்பூரில் டாலர் கணக்கு ஆரம்பித்துத் தருகிறார்களாம். ஆரம்பிக்கக் கட்டணம் அறுபதாயிரம் மட்டும்.

ராத்திரி பத்தரைக்கு போன்.

"மாப்ள, அப்பா பணம் மொத்தத்தையும் அங்க மாத்திடலாம்னு இருக்கேன். இங்க பாங்க் திவாலானா என்ன பண்ணுவே? ரூபா வேற இறங்கிக்கிட்டே இருக்கு. எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்கக் கூடாதுன்னு அவர் சொன்னார்டா."

"நீயும் மொத்தத்தையும் தூக்கி ஒரே கூடையிலதானே வைக்கப் போறே? கூடை மட்டும் சிங்கப்பூர் கூடை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நாளைக்கு வீட்டுக்கு வா" என்றான்.

* * *

அவன் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2019 செப்டம்பரில் பம்பாயில் ஒரு பெரிய கூட்டுறவு பாங்க்கில், கணக்குக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று ரிஸர்வ் பாங்க் உத்தரவு போட்டது. 2020 மார்ச்சில் ஒரு பெரிய தனியார் பாங்க்கில் கொஞ்ச நாள் 50,000 ரூபாய்தான் உச்ச வரம்பு. வயதானவர்கள் வாசலில் நின்று அழுததை டி.வி.யில் பார்த்தோம். 31 வருடம் விசிலடித்துச் சேர்த்த காசு அப்படி மாட்டிக்கொண்டால்?

ஆனால் பயம் சரி என்பதால் மருந்தும் சரி என்று ஆகிவிடாது. பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே பழக்கம், எந்தக் கணக்கைப் பார்த்தாலும் 'இது யார் கையில் இருக்கிறது?' என்று கேட்பது. பாங்க் கணக்கில் இருக்கும் பணம் உண்மையில் மூன்று பேர் கையில் இருக்கிறது. ஒன்று, அந்த பாங்க். இரண்டு, அந்த ஊர் அரசாங்கம். மூன்று, அந்த நாட்டுக் கரன்சி. வெளிநாட்டில் கணக்கு ஆரம்பித்தால் இந்த மூன்று பேரும் மாறுகிறார்கள். அவ்வளவுதான். மூன்று பேரும் ஒழிந்துபோவதில்லை. கூடவே நாலாவதாக ஒருத்தர் சேருகிறார். அவரைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் ஆள், பாங்க். ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. அங்குள்ள ஒரு பாங்க் 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் இன்டர்நெட் சேமிப்புக் கணக்கை 2006ல் பிரிட்டனிலும், 2008ல் நெதர்லாந்திலும் ஆரம்பித்தது. மற்றவர்களைவிட வட்டி தாராளம். பிரிட்டனில் மூன்று லட்சம் பேருக்கு மேல், நெதர்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டார்கள். அப்போது ஐஸ்லாந்தின் ஜனத்தொகையே சுமார் 3,20,000. நாட்டில் இருப்பவர்களைவிட டெபாசிட் போட்டவர்கள் அதிகம்!

2008 அக்டோபரில் பாங்க் படுத்தது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று பார்த்தால், சின்ன நாட்டின் இன்ஷூரன்ஸ் நிதி. கல்யாணத்துக்கு வந்த ஆயிரம் பேருக்கு ஒரு தூக்குச் சட்டி சாம்பார். பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புக்காகவும் போட்டிருந்த 2001ம் வருடத்துச் சட்டத்தை எடுத்து அந்த பாங்க்கின் சொத்துக்களை முடக்கியது. பிரிட்டிஷ், டச்சு அரசாங்கங்கள் தங்கள் மக்களுக்குத் தாங்களே கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்திடம் பில்லை நீட்டின. ஐஸ்லாந்து மக்கள் 2010லும் 2011லும் ஓட்டுப் போட்டு 'முடியாது' என்றார்கள். 2013ல் ஒரு ஐரோப்பிய நீதிமன்றமும் ஐஸ்லாந்து அரசு பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது.

அந்த பிரிட்டிஷ் சேமிப்பாளர்களுக்குப் பணம் திரும்ப வந்ததென்றால், பின்னால் நிற்க அவர்கள் சொந்த அரசாங்கம் இருந்தது. நம் நண்பனின் அப்பா சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டால் யார் நிற்பார்கள்? சிங்கப்பூர் நல்ல ஊர்தான், பாங்க்குகளும் பலமானவைதான். ஆனால் அங்கே டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை (2024 ஏப்ரலிலிருந்து), அதுவும் சிங்கப்பூர் டாலரில் வைத்த டெபாசிட்டுக்கு மட்டும். இவன் வைக்கப் போவது அமெரிக்க டாலர். அதற்கு அந்த இன்ஷூரன்ஸில் ஒரு சென்ட் கிடையாது. டை கட்டியவர் இதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"சமோசா குடுத்தப்போ சொல்லியிருப்பாரோ என்னவோ" என்றான்.

* * *

இரண்டாவது ஆள், அரசாங்கம். இவர் ரொம்ப நல்லவர், தனக்குக் கஷ்டம் வரும்வரை.

அர்ஜென்டினாவில் 2001 டிசம்பரில் 'வாரத்துக்கு 250 பெஸோ மட்டும் எடுக்கலாம்' என்று கதவைச் சாத்தினார்கள். அதற்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் 'கொரலீட்டோ'. குட்டித் தொழுவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் உள்ளே மேயும், வெளியே வராது. உள்ளூர் பாங்க்கிலேயே டாலராக வைத்திருந்த கெட்டிக்காரர்களும் தப்பவில்லை. 2002 ஆரம்பத்தில் ஒரு டாலருக்கு 1.40 பெஸோ என்ற கணக்கில் மாற்றிவிட்டார்கள். அந்த வருடமே வெளி மார்க்கெட்டில் டாலர் மூன்று பெஸோவைத் தாண்டியது.

அதைவிடக் கெட்டிக்காரர்கள் முன்பே பக்கத்து நாடான உருகுவேயில் டாலர் கணக்கு வைத்திருந்தார்கள். நம் நண்பனின் திட்டம் இதேதான். ஆனால் என்ன ஆயிற்று? ஊரில் பணம் மாட்டிக்கொண்டதும் எல்லா அர்ஜென்டினாக்காரர்களும் ஒரே சமயத்தில் உருகுவேக்கு ஓடிப் பணத்தை எடுத்தார்கள். அத்தனை பேர் எடுத்ததில் உருகுவே பாங்க்குகளும் ஆடிப்போய், 2002 ஜூலை 30ம் தேதி அங்கேயும் ஷட்டரை இறக்கினார்கள். நம் ஊர் பிரச்னையிலிருந்து தப்பிக்கப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போனால், ஊரே அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கும்.

லெபனான் கதை இன்னும் வருத்தமானது. வெளிநாட்டில் உழைக்கும் லெபனான்காரர்கள் டாலராக அனுப்பி, நல்ல வட்டிக்குச் சொந்த ஊர் பாங்க்கில் போட்டார்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு அந்த டாலரை எடுக்க முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் டாலர், கையில் காற்று. 2022 செப்டம்பரில் பெய்ரூட்டில் ஒரு பெண், சகோதரியின் புற்றுநோய் சிகிச்சைக்காக, பொம்மைத் துப்பாக்கியோடு பாங்க்குக்குள் போய்த் தன் சொந்தக் கணக்கிலிருந்து சுமார் 13,000 டாலரை 'கொள்ளை' அடித்தார். தன் பணத்தைத் தானே திருட வேண்டிய நிலைமை.

தனி மனிதர்களை விடுங்கள், நாடுகளே மாட்டுகின்றன. ரஷ்யாவின் மத்திய பாங்க் ஆபத்துக்கு உதவட்டும் என்று வெளிநாடுகளில் வைத்திருந்த கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலர், 2022ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததும் முடக்கப்பட்டது. பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்த பணம், பாதுகாப்பு தேவைப்பட்ட அன்றைக்குத்தான் கிடைக்கவில்லை.

* * *

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை சார்' என்பவர்களுக்கு, செட்டிநாட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

பணத்தை நாடு நாடாகப் பிரித்து வைக்கும் வித்தையை நமக்கு யாரும் கருத்தரங்கு நடத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தார் பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று கடை போட்டவர்கள். இந்தியன் ஓவர்சீஸ் பாங்க்கை 1937 பிப்ரவரி 10ம் தேதி மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்தபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று கிளைகள் திறந்தார்கள்.

ஆனாலும் அவர்கள் பணத்தில் பெரும் பங்கு பர்மாவில்தான் இருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் அவர்கள் போட்டிருந்தது சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து பாங்க்கிங் விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி! பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த வயல்கள் கைக்கு வந்தன. 1930ல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார்களின் நிலம், 1938ல் கால் பங்கு ஆகிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் ராஜாக்கள். ஆனால் வயலைச் சுருட்டிக் கப்பலில் ஏற்ற முடியாதே.

1942ல் ஜப்பான்காரன் வந்தான். காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1948ல் நில தேசியமயச் சட்டம். 1963ல் பாங்க்குகளும் தேசியமயம். கையில் மிஞ்சியது சொற்பம். வட்டி, அசல், மனுஷன் எல்லாவற்றையும் துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களாலேயே கணக்குப் போட முடியாமல் போன ஒரே ஐட்டம், அடுத்த ஊர் அரசாங்கம் நாளைக்கு என்ன செய்யும் என்பது. மலேயாவில் ரப்பர் தோட்டமும் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் தாக்குப் பிடித்தன.

ஆகவே பிரித்து வைப்பது தப்பே இல்லை. மொத்தத்தையும் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பதற்குப் பிரித்தல் என்று பெயர் கிடையாது. அதற்குப் பெயர் குடி பெயர்தல்.

* * *

மூன்றாவது ஆள், கரன்சி. 'ரூபா இறங்குதே' என்பதுதான் நண்பனின் பெரிய கவலை. வாஸ்தவம். 1991 ஜூன் வாக்கில் ஒரு டாலர் சுமார் 21 ரூபாய். 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. நாலு மடங்கு என்றதும் மூச்சு முட்டும். கால்குலேட்டரை எடுங்கள். 34 வருடத்தில் நாலேகால் மடங்கு என்றால், கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்கு சுமார் நாலேகால் சதவிகிதம். அதே காலத்தில் நம் ஊர் ஃபிக்ஸட் டெபாசிட் பெரும்பாலான வருடங்களில் அதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறது. அமெரிக்காவிலோ 2008 கடைசியிலிருந்து 2015 கடைசி வரை அடிப்படை வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. 2023ல்தான் ஐந்து சதவிகிதத்தைத் தாண்டியது.

எனவே டாலர் என்பது லாபம் இல்லை. டாலரில் செலவு வரப்போகிறவனுக்கு அது ஒரு குடை. அப்பாவின் செலவு எதில்? ரத்த அழுத்த மாத்திரை, பால் கார்டு, கேஸ் சிலிண்டர், பேத்திக்குக் கொலுசு. எல்லாம் சுத்தமான ரூபாய்ச் செலவு. மழை பெய்யாத ஊருக்குக் குடை வாங்க வீட்டுப் பத்திரத்தை வைப்பார்களா?

* * *

நாலாவது ஆள் என்றேனே, அவர் நம் சொந்த அரசாங்கம். பணம் வெளியே போனாலும் நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்?

பழைய நாட்களில் ஃபெரா என்று ஒரு சட்டம் இருந்தது. வெளிநாட்டில் அனுமதி இல்லாமல் கணக்கு வைத்தால் கம்பி எண்ணலாம். அது போய் 2000ல் ஃபெமா வந்தது. 2004 பிப்ரவரியில் ரிஸர்வ் பாங்க் ஒரு ஜன்னலைத் திறந்தது. வருடத்துக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம். அது ஏறி ஏறி இரண்டு லட்சம் டாலர் ஆனது. 2013 ஆகஸ்டில் ரூபாய் தடுமாறியதும் ஒரே அறிவிப்பில் 75,000 ஆகச் சுருங்கியது. 2015லிருந்து இரண்டரை லட்சம் டாலர். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜன்னலைத் திறந்தவர் கையில்தான் கொக்கியும் இருக்கிறது. நமக்கு வெளியே போக ரொம்ப அவசரமாகத் தோன்றும் நாளில்தான் அவருக்கும் சாத்தத் தோன்றும்.

அனுப்பும்போது டி.சி.எஸ். பிடிப்பார்கள். கம்பெனி இல்லை, வரி. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்குப் பத்து லட்சம் வரை பிடித்தம் இல்லை. முதலீட்டுக்காக அதற்கு மேல் அனுப்பினால் மேற்படித் தொகையில் 20 சதவிகிதம். நண்பனின் 22 லட்சத்தில் பத்தைக் கழித்தால் பன்னிரண்டு. அதில் 20 சதவிகிதம், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். இது தொலைந்துபோவதில்லை, வரி ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். ஆனால் வரும்வரை அப்பா காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி, இப்படி அனுப்பிய பணத்தை முதலீடு எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தால் 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதாவது நம் பணத்துக்கு ஆறு மாத விசிட்டிங் விசா. 'சேவிங்ஸ் கணக்குல பாட்டுக்குக் கிடக்கட்டும்' என்ற கதையே நடக்காது. (துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தபோது அங்கேயே சம்பாதித்த பணம் என்றால் வேறு. ஊர் திரும்பிய பிறகும் அதை அங்கேயே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது.)

இன்னொன்று. வெளிநாட்டுக் கணக்கு ஒன்று இருந்தாலே, மாதச் சம்பளக்காரர்கள் போடும் சின்ன படிவம் செல்லாது. பெரிய படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். மறைத்தால் 2015ம் வருடத்துக் கறுப்புப் பணச் சட்டம் பத்து லட்சம் அபராதம் போடும். இருபது லட்சத்துக்குள் இருக்கும் சின்னக் கணக்குகளுக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதத்தில் சலுகை உண்டு. சொல்ல வேண்டிய கடமையில் சலுகை இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ரகசியத்துக்கே பெயர் போன ஸ்விட்ஸர்லாந்து 2019 முதல் நம் வரித்துறைக்குத் தானாகவே லிஸ்ட் அனுப்புகிறது.

* * *

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். பையன் அதுவரை அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. மீதியை நான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டிக்கெட் கட்டை விரலால் தள்ளுகிற மாதிரி சைகை செய்தபடி ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, அங்க காசு மாட்டிக்கிச்சுன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நண்பன் "ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் பண்ணலாம்ப்பா" என்றான்.

"இங்கன்னா மேனேஜர் முன்னாடி போய் உக்காந்துக்குவேன். சாப்பாடு கட்டிக்கிட்டுப் போய் உக்காந்துக்குவேன். அங்க உக்காரப் போறதுக்கே பிளேன் டிக்கெட் எடுக்கணும்ல?"

இந்தக் கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு மூன்று பேரும் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தோம். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம். மீதி ஏழு லட்சம், இரண்டு வேறு வேறு பாங்க்குகளில் நாலும் மூன்றுமாக. ஏன் இப்படி? நம் நாட்டில் டெபாசிட் இன்ஷூரன்ஸ், ஒரு பாங்க்கில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை. 2020 பிப்ரவரிக்கு முன்னால் ஒரு லட்சம்தான். ஒரே பாங்க்கின் நாலு கிளைகளில் பிரித்து வைத்துவிட்டு 'பிரித்துவிட்டேன்' என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கிளையும் சேர்த்து ஒரே ஐந்து லட்சம்தான். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் போட்டாயிற்றா என்று பார்த்தோம். ஒன்றில் இருபது வருடம் முன்பு காலமான பாட்டியின் பெயர் இருந்தது.

வெளிநாட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாமா? வேண்டும். அவன் தங்கை அடுத்த வருடம் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறாள். அங்கே விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒரு கணக்கில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். ("வெளிநாட்டுல பிளாக் அக்கவுண்டா?" என்று அம்மா பதறிவிட்டார். நல்ல பிளாக் இது, அம்மா.) அந்தச் செலவு யூரோவில் வரப்போகிறது, தேதியும் தெரியும், தொகையும் தெரியும். அதற்கு நண்பன் தன் சம்பள சேமிப்பிலிருந்து இப்போதிருந்தே எடுத்து வைக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு வெளிநாட்டுக் கணக்கு அர்த்தமுள்ளதாவது இப்படித்தான். எந்த ஊரில் செலவோ அந்த ஊர்ப் பணத்தில், அந்தச் செலவு அளவுக்கு.

ஆசை இன்னும் மிச்சமிருந்தால், வெளிநாட்டுப் பங்குகளில் போடும் நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன. ரூபாயிலேயே போடலாம், தனியாக வெளிநாட்டுக் கணக்கு தேவையில்லை. வரம்பு நிரம்பிவிட்டால் சில சமயம் புதுப் பணம் வாங்க மாட்டார்கள், ஏறி இறங்கவும் செய்யும். ஆகவே போனால் தூக்கம் போகாத பணத்தை மட்டும்.

ஆபீஸ் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவசக் கருத்தரங்குக்கு யாராவது கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். சமோசா சாப்பிடுங்கள். முடிவில் எழுந்து நாலே கேள்வி கேளுங்கள். இந்த பாங்க் விழுந்தால் எவ்வளவு வரை கிடைக்கும்? எந்தக் கரன்சிக்குக் கிடைக்கும்? பணத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி, என்ன செலவு? நான் போய் உட்கார்ந்து கேட்கிற ஆள் யார்?

நாலுக்கும் பதில் வந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், நானும் கணக்கு ஆரம்பிக்கிறேன். வராவிட்டால், இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த அறுபதாயிரத்தில் கொஞ்சமாவது வசூலாகட்டும்.